தொண்டை வலியா, ஈறு வலியா? மாத்திரைக்கு முன்னால் இடத்தைக் கண்டுபிடியுங்கள்

வேலூர் மாவட்டம் குடியாத்தத்தில் மருந்துக் கடை வைத்திருக்கும் மருந்தாளுநர் நான். மார்கழிப் பனியிலும் கத்திரி வெயிலிலும் என் காதில் அதிகம் விழும் வாசகம் இதுதான்: "அண்ணா, தொண்டை வலிக்கு மூன்று நாள் மாத்திரை கொடுங்கள்." அவர்கள் கேட்பது அசித்ரோமைசின் என்னும் ஆன்டிபயாடிக். ஈறு வலி என்றால் மெட்ரோனிடசோலோடு ஒரு வலி மாத்திரையும் கேட்பார்கள். எங்கே வலிக்கிறது, ஒரு பக்கமா இரண்டு பக்கமா, வாய் முழுதாகத் திறக்கிறதா என்று நான் திருப்பிக் கேட்டால் பலரிடம் பதில் இருக்காது. வாய்க்குள் பார்த்தே இருக்க மாட்டார்கள்.

கடைசிக் கடைவாய்ப் பல்லுக்கும் டான்சிலுக்கும் இடையே இருப்பது ஓரிரு விரற்கடை தூரம்தான். ஈறில் கிளம்பும் வலி தொண்டை வலியாகத் தெரியும். டான்சில் வலி காதில் குத்தும். சைனஸ் அடைப்பு மேல் பற்களில் வலிக்கும். அதனால்தான் மாத்திரையின் பெயரைக் கேட்பதற்கு முன் வலியின் இடத்தைக் கண்டுபிடியுங்கள் என்கிறேன். கீழே இருப்பவை எல்லாம் அந்த வரிசையில்தான் வருகின்றன: உங்களுக்கு எந்த அறிகுறி பொருந்துகிறதோ, அந்தப் பகுதிக்குப் போய்ப் படித்துக்கொள்ளுங்கள். ஆனால் முதல் இரண்டு பகுதிகளை எல்லோரும் படிக்க வேண்டும்.

முதலில் வாயைத் திறந்து பாருங்கள்

கைகளைக் கழுவிக்கொள்ளுங்கள். கைப்பேசி விளக்கு, கண்ணாடி, கழுவிய தேக்கரண்டி ஆகிய மூன்றும் போதும். வாயை அகலத் திறந்து "ஆ" என்று சொல்லிக்கொண்டே பாருங்கள். நடுவில் தொங்குவது உள்நாக்கு. அதன் இரு பக்கமும் இருப்பவை டான்சில்கள். இரண்டும் ஒரே அளவாக இருக்கின்றனவா? உள்நாக்கு நடுவில் இருக்கிறதா, ஒரு பக்கம் தள்ளப்பட்டிருக்கிறதா? டான்சில் மேல் வெள்ளைப் புள்ளியோ சாம்பல் நிறப் படலமோ தெரிகிறதா?

அடுத்து, கரண்டிக் காம்பால் கன்னத்தை விலக்கிக் கீழ்த்தாடையின் கடைசிப் பல்லைச் சுற்றியுள்ள ஈறைப் பாருங்கள். சிவந்து உப்பியிருக்கிறதா, தொட்டால் அங்கேதான் உயிர் போகிறதா? பிறகு தாடை எலும்புக்குக் கீழேயும் கழுத்தின் முன்பக்கமும் விரல்களால் தடவிப் பாருங்கள். நெறி கட்டியிருந்தால் உருண்டையாகக் கைக்குத் தட்டுப்படும், அழுத்தினால் வலிக்கும். கடைசியாக, காய்ச்சலைக் கையால் தொட்டுப் பார்த்து முடிவு செய்யாமல் தெர்மாமீட்டர் வைத்து அளந்து, நேரத்தோடு எழுதி வையுங்கள்.

ஒரே ஒரு விலக்கு. மூச்சுக்குத் திணறிக்கொண்டு, எச்சிலை விழுங்க முடியாமல் வடிய விட்டுக்கொண்டு, முன்பக்கம் குனிந்து உட்கார்ந்திருக்கும் குழந்தையின் வாய்க்குள் கரண்டியோ விரலோ விடவே கூடாது. குரல்வளை மூடி வீங்கியிருந்தால், அந்தத் தொடுதலே மூச்சுப் பாதையை முழுதாக அடைத்துவிடக்கூடும். படுக்க வைக்காதீர்கள். உட்கார்ந்த நிலையிலேயே தூக்கிக்கொண்டு கிளம்புங்கள்.

இவை இருந்தால் மேலே படிக்க வேண்டாம், 108-ஐ அழையுங்கள்

மூச்சு இழுக்கும்போது கீச்சென்ற சத்தம். எச்சில்கூட இறங்காத நிலை. வாயில் எதையோ வைத்துக்கொண்டு பேசுவதுபோல் குழறிய குரல். தாடைக்கு அடியில் கல் போல் கெட்டியாகப் பரவும் வீக்கம், நாக்கு மேல்நோக்கித் தள்ளப்படுவது. இது பல் சீழ் கழுத்துக்குள் இறங்கியதன் அடையாளம், சில மணி நேரத்திலேயே மூச்சை அடைக்கும். தொண்டையில் ஒட்டிய சாம்பல் நிறப் படலத்தோடு கழுத்து தடித்துப்போவது தொண்டை அடைப்பானாக (டிப்தீரியா) இருக்கலாம்.

தாடை வலி அல்லது தொண்டை இறுக்கத்தோடு வியர்வையும் நெஞ்சு அழுத்தமும் சேர்ந்தால் அது பல் வலி அல்ல, மாரடைப்பாக இருக்கலாம். நடக்கும்போது வந்து, நின்றால் போய்விடும் தாடை வலிக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். சோளிங்கர் பெரிய மலையின் 1,305 படிகளில் ஏறும்போது கீழ்த்தாடை பிசைவதுபோல் வலித்து, மண்டபத்தில் உட்கார்ந்ததும் அடங்கினால், பார்க்க வேண்டியவர் இதய மருத்துவர். சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் நெஞ்சு வலியே இல்லாமல் இப்படி மட்டும் வருவதுண்டு.

அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, சி.எம்.சி., குடியாத்தம், வாலாஜா, திருப்பத்தூர் அரசு மருத்துவமனைகள் என்று உங்களுக்குப் பக்கத்தில் எது இருக்கிறதோ அங்கே போங்கள். பீஞ்சமந்தை போன்ற மலைக் கிராமங்களில் இருப்பவர்கள் இந்த அறிகுறிகள் முற்றும்வரை காத்திருக்காமல், பகல் வெளிச்சத்திலேயே கீழே இறங்கிவிடுவது நல்லது. அவசரமில்லாத சந்தேகத்துக்கு 104-இல் ஆலோசனை கேட்கலாம்.

இரண்டு பக்கமும் வலி, மூக்கு ஒழுகுகிறது, இருமல், குரல் கம்மிவிட்டது

இது வைரஸ். பெரியவர்களுக்கு வரும் தொண்டை வலியில் பெரும்பகுதி இதுதான். ஆன்டிபயாடிக் இதில் எந்த வேலையும் செய்யாது. அதைச் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் ஏறத்தாழ ஒரு வாரத்தில் சரியாகிவிடும். சாப்பிட்டவர்கள் குணத்தை மாத்திரையின் கணக்கில் எழுதிக்கொள்கிறார்கள், அடுத்த முறையும் அதையே கேட்கிறார்கள். இந்த வழக்கம் எனக்கு மிகுந்த கவலை தருகிறது. உண்மையாகவே பாக்டீரியாக் கிருமித் தொற்று வரும் நாளில் அந்த மருந்து கைகொடுக்காமல் போவது இப்படித்தான். செஃபிக்சிம் போன்ற ஆன்டிபயாடிக்குகளை 2014 முதல் எச்-1 என்னும் சட்டப் பட்டியலில் வைத்து, மருத்துவர் பெயரும் நோயாளி பெயரும் தனிப் பதிவேட்டில் எழுதச் சொல்லியிருப்பதற்கும் அதுவே காரணம். சீட்டு எங்கே என்று கடைக்காரர் கேட்டால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

செய்ய வேண்டியவை எளியவை. ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்பு போட்டு ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை கொப்பளிக்கலாம். அளவுக்கு மேல் உப்புப் போட்டால் தொண்டை இன்னும் வறண்டு எரியும். வலிக்கும் காய்ச்சலுக்கும் பாரசிட்டமால். கஞ்சி, மிளகு ரசம், பனங்கற்கண்டும் மஞ்சளும் போட்ட பால் எல்லாம் விழுங்குவதற்கு இதமானவை, நீர்ச்சத்தும் தருபவை. சித்தரத்தையை வாயில் அடக்கிக்கொள்வது உமிழ்நீரைச் சுரக்க வைத்துத் தொண்டையை நனைக்கும். குளிர்ந்த தண்ணீர் வலியைக் கூட்டும் என்று பயப்பட வேண்டியதில்லை. சிலருக்கு ஐஸ் துண்டைச் சப்புவது மரத்துப்போகச் செய்து நல்ல நிவாரணம் தரும். எது இதமோ அதைக் குடியுங்கள். குடிப்பது முக்கியம்.

காய்ச்சல் கடுமையாக, உடம்பு வலியும் கண்ணுக்குப் பின்னால் வலியும் சேர்ந்திருந்தால் டெங்குவை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அது இல்லை என்று தெரியும்வரை ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் வேண்டாம், ரத்தக் கசிவை அதிகமாக்கும்.

திடீர்க் காய்ச்சல், இருமலே இல்லை, டான்சிலில் வெள்ளைப் புள்ளிகள், கழுத்தில் நெறி

இந்த நான்கும் சேர்ந்திருந்தால், அதுவும் 5 முதல் 15 வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு என்றால், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. வயிற்று வலி, வாந்தியோடும் தொடங்கலாம். ஆன்டிபயாடிக் தேவைப்படும் தொண்டை வலி இதுதான், அதை மருத்துவர் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும்.

இதைக் கவனிக்காமல் விட்டால் தொண்டை தானாக ஆறிவிடும். ஆபத்து அங்கேதான் இருக்கிறது. 2 முதல் 4 வாரங்கள் கழித்துச் சில குழந்தைகளுக்கு முழங்கால், கணுக்கால், மணிக்கட்டு என்று மூட்டு மாற்றி மூட்டு வீங்கி வலிக்கும், காய்ச்சல் வரும். இது ருமாட்டிக் காய்ச்சல். மூட்டு வலி தடமில்லாமல் போய்விடும். இதய வால்வில் விழுந்த தழும்போ போகாது. பிறகு மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி என்று பல ஆண்டுகள் ஓடும். சிலருக்கு வால்வு அறுவை சிகிச்சைவரை போகும். படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று வரும் இளம் பெண்ணின் நோய், பள்ளி நாளில் வந்து போன ஒரு தொண்டை வலியிலிருந்து தொடங்கியிருக்கலாம்.

இங்கே ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. தொண்டை வலி தொடங்கி 9 நாட்களுக்குள் சரியான மருந்தைத் தொடங்கினால் ருமாட்டிக் காய்ச்சலைத் தடுக்க முடியும். ஆகவே ஞாயிறு இரவு கடையில் கிடைத்ததை விழுங்க வைக்க வேண்டிய அவசரம் இல்லை. திங்கள் காலை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப்போக நேரம் தாராளமாக இருக்கிறது. மருத்துவர் பெரும்பாலும் பென்சிலின் வகை அல்லது அமாக்சிசிலின் எழுதுவார், 10 நாட்களுக்கு. இரண்டாம் நாளே காய்ச்சல் விட்டுவிடும், பையன் தெருவில் ஓடிக்கொண்டிருப்பான். மீதி மாத்திரையை அடுத்த முறைக்கு என்று அலமாரியில் எடுத்து வைக்கும் தாய்மார்களே, தயவுசெய்து அந்த 10 நாளையும் முடித்துவிடுங்கள். அசித்ரோமைசின் பெரும்பாலும் பென்சிலின் ஒவ்வாத குழந்தைகளுக்கான மாற்று மருந்துதான்.

தொண்டை அடைப்பான் தடுப்பூசி பிறந்த 6, 10, 14-ஆம் வாரங்களோடு முடிவதில்லை. 16–24 மாதங்களில் ஒன்று, 5–6 வயதில் ஒன்று, 10 வயதிலும் 16 வயதிலும் ஒவ்வொன்று என்று தொடர்கிறது. தொண்டை வலியோடு அழைத்துப்போகும் நாளில் தடுப்பூசி அட்டையையும் எடுத்துப் போங்கள்.

ஒரு பக்கம் மட்டும் வலி, வாய் முழுதாகத் திறக்கவில்லை

ஆட்கள் அதிகம் குழம்பும் இடம் இது. காரணம் இரண்டில் ஒன்றாக இருக்கும்.

முதலாவது, அறிவுப்பல். 17 முதல் 25 வயதுக்குள் கீழ்த்தாடையின் கடைசிப் பல் பாதி மட்டும் வெளியே வந்து, மீதியை ஈறுத் தோல் ஒரு மூடி போல் மூடியிருக்கும். அதன் அடியில் சாதத் துணுக்கு சிக்கிக் கிருமி வளரும். ஈறு உப்பும், மேல் பல் அதை மெல்லும்போதெல்லாம் நசுக்கும், எச்சில் விழுங்கினால் தொண்டையிலும் காதிலும் வலிக்கும். தொண்டை மாத்திரையைச் சப்பினாலும் குறையாது. கண்ணாடியில் பார்த்தால் டான்சில் சாதாரணமாக இருக்கும், கடைசி ஈறு மட்டும் சிவந்து, அழுத்தினால் சீழோ கெட்ட சுவையோ வரும். கல்லூரி விடுதிகளில் தங்கிப் படிக்கும் பிள்ளைகள் தேர்வு நேரத்தில் இப்படி வருவதைப் பார்க்கிறேன். தூக்கமும் சாப்பாடும் கெட்டிருக்கும் நாட்கள் அவை.

உப்புநீரை அந்தப் பக்கத்தில் தேக்கி வைத்துக் கொப்பளியுங்கள். ஊசி இல்லாத சிரிஞ்சில் வெதுவெதுப்பான நீர் எடுத்து மூடியின் அடியில் பீய்ச்சிக் கழுவுவது இன்னும் நல்லது. குளோர்ஹெக்சிடின் 0.2 சதவீதக் கரைசல் 10 மி.லி., ஒரு நிமிடம், நாளுக்கு இருமுறை. பற்பசையால் துலக்கிய அரைமணி நேரம் கழித்தே இதைப் பயன்படுத்த வேண்டும், இல்லையென்றால் பசை இதன் சக்தியைக் குறைத்துவிடும். இரண்டு வாரத்துக்கு மேல் போனால் பல்லில் பழுப்புக் கறை பிடிக்கும், நாக்கில் சுவை மாறும். மாத்திரையால் வலி அடங்கினாலும் அந்த மூடி அங்கேயே இருக்கிறது. சில மாதங்களில் திரும்பவும் வரும். பல் மருத்துவர் எக்ஸ்-ரே எடுத்துப் பார்த்து, மூடியை வெட்டுவதா பல்லை எடுப்பதா என்று முடிவு செய்யட்டும்.

இரண்டாவது, டான்சிலுக்குப் பின்னால் சீழ்க்கட்டி. சில நாள் தொண்டை வலி இருந்து, பிறகு ஒரு பக்கம் மட்டும் கடுமையாகி, காய்ச்சல் ஏறி, குரல் குழறி, உள்நாக்கு மறுபக்கம் தள்ளப்பட்டிருக்கும். இதற்கு ஊசியால் சீழை எடுத்தாக வேண்டும். அன்றே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள்.

மீன் சாப்பிட்ட பிறகு ஒரே இடத்தில் குத்தினால் முள். சோற்று உருண்டையை விழுங்கி உள்ளே தள்ளப் பார்க்காதீர்கள், முள் ஆழமாக இறங்கிவிடும்.

காதுக்குக் கீழே தாடை மூலையில் வீங்கி, புளிப்பைக் கண்டாலே சுருக்கென்று வலித்தால் பொன்னுக்கு வீங்கி. அரசுத் தடுப்பூசி அட்டவணையில் இதற்கான ஊசி இல்லாததால் பள்ளிகளில் அவ்வப்போது பரவுகிறது. ஓய்வு, பாரசிட்டமால், தண்ணீர். வீக்கம் தொடங்கி 5 நாட்கள் பள்ளிக்கு அனுப்ப வேண்டாம். பையன்களுக்கு விதையில் வலி வந்தாலோ, யாருக்கானாலும் கடும் தலைவலியும் வாந்தியும் வந்தாலோ உடனே மருத்துவமனை.

காலையில் எழுந்ததும் வலி, பத்து மணிக்குள் போய்விடுகிறது

இரவில் வாயால் மூச்சு விடுகிறீர்கள். மூக்கடைப்பு, குறட்டை, முகத்துக்கு நேராக ஓடும் மின்விசிறி ஆகியவை தொண்டையை வறளச் செய்கின்றன. 40 டிகிரியைத் தாண்டும் வேலூர் வெயிலில் பகலெல்லாம் வியர்த்துவிட்டுப் போதிய தண்ணீர் குடிக்காமல் படுப்பதும் சேர்ந்துகொள்ளும். மூக்கடைப்பைச் சரிசெய்தால் தொண்டை சரியாகும்.

காலையில் கரகரப்போடு புளித்த ஏப்பமும் அடிக்கடி கனைப்பும் இருந்தால், இரவில் வயிற்று அமிலம் மேலேறுகிறது. நெஞ்செரிச்சல் இல்லாமலும் இது வரும். இரவு பத்தரை மணிக்கு ஆம்பூர் பிரியாணி சாப்பிட்டுப் பதினொரு மணிக்குப் படுப்பதை விடுங்கள். படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்பே சாப்பிட்டு முடித்து, கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்து உயர்த்துங்கள்.

வேலை நாளில் கரகரக்கிறது, விடுமுறை நாளில் குறைகிறது

இந்தக் கேள்வியை நம் பகுதியில் கட்டாயம் கேட்க வேண்டும். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு தோல் தொழிற்சாலைகளில் தோலைத் தேய்த்து மெருகேற்றும் பிரிவில் பறக்கும் தூசியும், சாயத் தெளிப்பில் வரும் ஆவியும் மூக்கையும் தொண்டையையும் அரிக்கின்றன. குடியாத்தம் பக்கத்தில் வீட்டுத் திண்ணையில் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றும் பெண்கள் நாள் முழுவதும் புகையிலைத் தூளைச் சுவாசிக்கிறார்கள். இவர்களுக்கு இருமல் மருந்தும் ஆன்டிபயாடிக்கும் எத்தனை கொடுத்தாலும் திங்கட்கிழமை திரும்ப வலிக்கும்.

முகத்தில் துணியைக் கட்டிக்கொள்வது ஆவியைத் தடுக்காது. தூசிக்கு வடிகட்டி உள்ள முகக்கவசமும், ஆவிக்கு அதற்கென்று செய்த குப்பி பொருத்திய கவசமும் வேண்டும்; அவற்றை நிர்வாகத்திடம் கேட்டு வாங்குவது தொழிலாளியின் உரிமை. பீடி சுற்றுபவர்கள் காற்றோட்டமான இடத்தில், குழந்தைகளையும் சமையலையும் விலக்கி வைத்து வேலை செய்யுங்கள். முடித்ததும் கையை மட்டுமல்லாமல் வாயையும் கழுவுங்கள். மூக்கில் ரத்தமும் பொருக்கும் தொடர்ந்து வந்தால் என்ன வேலை செய்கிறீர்கள் என்பதை மருத்துவரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

பல் துலக்கினால் ஈறில் ரத்தம், மந்தமான வலி

பல்லும் ஈறும் சேரும் இடத்தில் படியும் அழுக்கு இறுகிக் காரையாகிறது. ஈறு அதை எதிர்த்துச் சிவந்து வீங்குகிறது. ரத்தம் வருகிறதே என்று அந்த இடத்தைத் துலக்காமல் விடுவதுதான் எல்லோரும் செய்வது. அங்கேதான் மென்மையான தூரிகையால், ஈறோடு சாய்த்துப் பிடித்து, இரண்டு நிமிடம், காலையும் இரவும் துலக்க வேண்டும். ஓரிரு வாரத்தில் ரத்தம் குறையும். உமிக்கரி, செங்கல் தூள், சாம்பல் ஆகியவை பல்லையும் ஈறையும் அரத்தால் ராவுவதுபோல் தேய்த்துவிடும். வேப்பங்குச்சி விருப்பமென்றால் நுனியை நன்றாக மென்று மென்மையாக்கிக்கொண்டு பயன்படுத்துங்கள்.

இறுகிய காரையைத் துலக்கி எடுக்க முடியாது. பல் மருத்துவர் கருவியால் எடுக்க வேண்டும். சுத்தம் செய்தால் பல் ஆடிவிடும் என்பது தவறு. காரையே எலும்பைக் கரைத்துப் பல்லை ஆட்டி வைத்திருக்கிறது, அது போனதும் உண்மை நிலை தெரிகிறது, அவ்வளவுதான். அரசு மருத்துவமனைகளில் பல் பிரிவு இருக்கிறது, செலவுக்குப் பயந்து தள்ளிப்போட வேண்டாம்.

நன்றாகத் துலக்கியும் ஈறு அடங்கவில்லை என்றால் வாய்க்கு வெளியே காரணம் தேடுங்கள். கர்ப்பிணிகளுக்கு ஹார்மோன் மாற்றத்தால் ஈறு உப்பும். அந்த மாதங்களிலும் பல் மருத்துவரிடம் போகலாம், நடு மூன்று மாதங்கள் வசதியானவை. ரத்த அழுத்தத்துக்குச் சாப்பிடும் அம்லோடிபின், வலிப்புக்குச் சாப்பிடும் ஃபெனிடாயின் இரண்டும் சிலருக்கு ஈறைத் தடிக்க வைக்கும். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், எழுதிக் கொடுத்தவரிடம் சொன்னால் மாற்றித் தருவார். ஈறில் அடிக்கடி சீழ் வைத்தால் சர்க்கரை பரிசோதனை அவசியம். சர்க்கரை ஏறினால் ஈறு கெடும், ஈறு கெட்டால் சர்க்கரை அடங்காது. காரணமே இல்லாமல் ஈறு வீங்கி ரத்தம் கசிந்து, உடம்பில் நீலத் திட்டுகள், சோர்வு, வெளுப்பு இருந்தால் அன்றே ரத்த அணு பரிசோதனை செய்யுங்கள். ரத்தப் புற்றுநோய் சிலருக்கு முதலில் ஈறில்தான் தெரிகிறது.

ஓரிடத்தில் கொப்புளம்போல் வீக்கம், துடிக்கும் வலி

சீழ். பல்லைத் தட்டினால் வலித்தால் வேரிலிருந்து, ஈறை அழுத்தினால் மட்டும் வலித்தால் பெரும்பாலும் ஈறிலிருந்து. எதுவானாலும் சீழ் வெளியேற வேண்டும், மாத்திரை மட்டும் போதாது. கன்னத்தில் சூடான ஒத்தடம் வேண்டாம், குளிர்ந்த துணி வையுங்கள். ஊசியால் குத்தாதீர்கள். ஆஸ்பிரின் மாத்திரையைப் பொடித்து ஈறில் வைப்பது, கற்பூரம், மண்ணெண்ணெய், புகையிலை அடக்குவது எல்லாம் ஈறை வெந்துபோகச் செய்யும். கிராம்புத் தைலம் நல்லதுதான். ஒரு சொட்டைத் தேங்காய் எண்ணெயில் கலந்து, பஞ்சில் தொட்டு, பல்லின் ஓட்டையில் மட்டும் வையுங்கள். அப்படியே ஊற்றினால் அதுவும் சுடும். மருத்துவர் மெட்ரோனிடசோல் எழுதியிருந்தால், அது முடிந்து இரண்டு மூன்று நாள்வரை மது தொடக் கூடாது.

குழந்தை சாப்பிட மறுக்கிறது, எச்சில் வடிகிறது, காய்ச்சல்

நம் பக்கத்தில் உடனே "தொக்கம் விழுந்திருக்கிறது", அதாவது சாப்பிட்டது உள்ளே சிக்கிக்கொண்டது என்று சொல்லி, அதை எடுப்பவரிடம் தூக்கிப் போய்விடுகிறார்கள். அன்போடுதான் செய்கிறார்கள், தெரியும். ஆனால் புண்ணாகிப்போன தொண்டைக்குள் விரலையோ குழாயையோ விட்டால் காயமும் புதுத் தொற்றும் வரும். மூச்சும் அடைக்கலாம். வேண்டாம்.

ஈறு முழுவதும் சிவந்து உப்பி, நாக்கிலும் உதட்டிலும் சின்னச் சின்னப் புண்கள் இருந்தால் அது 6 மாதம் முதல் 5 வயதுவரை வரும் ஹெர்பிஸ் வைரஸ் ஈறுப்புண். 10 முதல் 14 நாட்களில் ஆறும். உள்ளங்கை, உள்ளங்காலிலும் கொப்புளம் இருந்தால் கை கால் வாய் நோய். இது ஒரு வாரம், பத்து நாள். இரண்டிலும் ஆபத்து நீர்ச்சத்து குறைவதுதான். குளிர்ந்த மோர், இளநீர், பால், ஆறவைத்த கஞ்சி என்று கரண்டி கரண்டியாகக் கொடுத்துக்கொண்டே இருங்கள். புளி, காரம் கூடாது. 8 மணி நேரம் சிறுநீர் போகவில்லை, அழுதால் கண்ணீர் இல்லை, துவண்டு கிடக்கிறது என்றால் மருத்துவமனை.

வேறு நோய்க்கு மாத்திரை சாப்பிடுபவருக்குத் தொண்டை வலி

தைராய்டுக்குக் கார்பிமசோல் சாப்பிடுபவருக்குக் காய்ச்சலோடு தொண்டை வலி வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே வெள்ளை அணு எண்ணிக்கை பாருங்கள். அபூர்வமாக இந்த மருந்து வெள்ளை அணுக்களை அழித்துவிடும். இது நாளைக்குத் தள்ளிவைக்கக்கூடிய பரிசோதனை அல்ல. ஆஸ்துமா இன்ஹேலர் பயன்படுத்துபவருக்கு வாயில் வெள்ளைப் படலம் என்றால், ஒவ்வொரு முறையும் உறிஞ்சிய பின் வாய் கொப்பளிக்காமல் விட்டதால் வந்த பூஞ்சை. எனாலாப்ரில் சாப்பிடுபவருக்குத் தொண்டை அரித்து வறட்டு இருமல் வரலாம். டாக்சிசைக்ளின் போன்ற மாத்திரையைத் தண்ணீரில்லாமல் விழுங்கிப் படுத்தால் உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும்.

மூன்று வாரம் ஆகியும் போகவில்லை

ஆறாத புண், ஒரு பக்கத் தொண்டை வலியோடு காது வலி, மாறிய குரல், ஈறிலோ கன்னத்திலோ வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, கழுத்தில் வலியில்லாத கட்டி. இவற்றில் ஒன்று மூன்று வாரம் நீடித்தாலும் புற்றுநோய்க்குப் பரிசோதிக்க வேண்டும். புகையிலை அடக்குபவரும் பீடி, மது பழகியவரும் மூன்று வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம். பாக்கு மெல்லுபவருக்கு வாய் வரவர மூன்று விரல் நுழையாத அளவுக்குச் சுருங்கினால் அதுவும் புற்றுநோய்க்கு முந்திய நிலை. வலியில்லையே என்று இருந்துவிடாதீர்கள். தொடக்கத்தில் வலி இருக்காது.

கடையில் வாங்கும்போது

பாரசிட்டமால் பெரியவர்களுக்கு 500 மி.கி. முதல் 1,000 மி.கி., குறைந்தது 4 முதல் 6 மணி நேர இடைவெளி, 24 மணி நேரத்தில் 4,000 மி.கி. தாண்டக் கூடாது. சளி மாத்திரைகளிலும் பாரசிட்டமால் கலந்திருக்கும், அதையும் கணக்கில் சேருங்கள். மது அருந்துபவர்களும் கல்லீரல் நோயாளிகளும் மருத்துவரைக் கேட்டுக் குறைவாகவே எடுக்க வேண்டும். 12 வயதுக்குக் கீழ் நிமெசுலைடு கொடுக்க 2011 முதல் தடை இருக்கிறது. குழந்தைகளுக்கு ஆஸ்பிரின் கூடாது. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் தொட்டுக்கூட வைக்காதீர்கள். அதிமதுரம் தொண்டைக்கு இதம், ஆனால் தினமும் சாப்பிட்டால் ரத்த அழுத்தம் ஏறும்.

குழந்தைகள் மருந்தில் மிகவும் கவனம் வேண்டும். பாரசிட்டமால் அளவு வயதைப் பொறுத்ததல்ல, எடையைப் பொறுத்தது: ஒரு கிலோவுக்கு 15 மி.கி., ஒரு நாளில் அதிகபட்சம் நான்கு முறை. 10 கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு 150 மி.கி. ஆனால் பாரசிட்டமால் திரவம் மூன்று வலிமைகளில் விற்கிறது. 5 மி.லி.யில் 125 மி.கி. உள்ள சிரப் என்றால் 6 மி.லி.; 250 மி.கி. உள்ள சிரப் என்றால் 3 மி.லி.; 1 மி.லி.யில் 100 மி.கி. உள்ள சொட்டு மருந்து என்றால் 1.5 மி.லி. மட்டுமே. 125 மி.கி. சிரப்புக்குச் சொன்ன அளவில் சொட்டு மருந்தை ஊற்றினால் நான்கு மடங்கு உள்ளே போய்விடும். பக்கத்து வீட்டுப் புட்டியை இரவல் வாங்கினாலும் அதன் மேல் அச்சிட்டிருக்கும் எண்ணைப் படித்துவிட்டு, சமையல் கரண்டியால் அளக்காமல், மருந்தோடு வரும் அளவுக் குவளையால் அளந்து கொடுங்கள்.